வீட்டுக் கடனும் ரிசர்வ் வங்கியும்: நாள் குறிக்காத விதி யாரையும் காப்பாற்றாது

அப்பா வாங்கிய வீட்டுக் கடனின் கடைசித் தவணை 2014ல் முடிந்தது. பாக்கி எதுவும் இல்லை என்று வங்கி உடனே கடிதம் கொடுத்துவிட்டது, ஆனால் மூலப் பத்திரம் கைக்கு வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று. பத்திரமெல்லாம் வேறு ஊர்க் காப்பறையில் இருக்கிறது என்றார்கள், மேலாளர் மாறிவிட்டார் என்றார்கள், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். ஒருநாள் அப்பா பொறுக்கமாட்டாமல் "எத்தனை நாளுக்குள்ள கொடுக்கணும்னு ஏதாவது கணக்கு இருக்கா சார்?" என்று கேட்டாராம். ரிசர்வ் வங்கியின் விதியில் அப்படி ஒரு கணக்கு அப்போது கிடையாது. விதி இருந்தது, நாள்தான் இல்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடன் கொடுப்பவர்களை அரசு கண்காணிக்கவில்லை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது சரியில்லை. ரிசர்வ் வங்கி 2003 மே மாதமே கடன் தருபவர்களுக்கான நியாய நடத்தை நெறி என்று ஒன்றை வெளியிட்டது. கடன் முழுதாக அடைபட்டதும் அடமானத்தை விடுவிக்க வேண்டும், வட்டியை மாற்றினால் அன்றிலிருந்துதான் மாற்ற வேண்டும், பின்தேதியிட்டு மாற்றக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. ஆனால் 'விடுவிக்க வேண்டும்' என்று மட்டும் எழுதி, எத்தனை நாளில், தவறினால் என்ன என்று எழுதாமல் விட்டால், அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு கிளை மேலாளர் முன்னால் நிற்கிற மனிதர் எதைக் காட்டிக் கேட்பார்? கடந்த இருபது ஆண்டுகளின் வீட்டுக் கடன் விதிகளை வரிசையாகப் படித்தபோது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நாளும் ரூபாயும் குறிப்பிட்டு எழுதப்பட்ட விதிகள் கடன் வாங்கியவருக்கு உதவுகின்றன. 'நியாயமான', 'தகுந்த', 'இயக்குநர் குழு தீர்மானிக்கும் கொள்கைப்படி' என்று எழுதப்பட்டவை பெரும்பாலும் கடன் தருபவருக்குத்தான் உதவுகின்றன.

பத்திர விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2003ல் நாள் இல்லாமல் எழுதியதற்கு 2023 செப்டம்பர் 13 அன்றுதான் நாள் வந்தது. கடன் முழுதாக அடைபட்ட 30 நாளுக்குள் மூல ஆவணங்கள் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும், எந்தப் பதிவேட்டில் அடமானம் ஏற்றப்பட்டிருந்தாலும் அதையும் அதே 30 நாளுக்குள் நீக்க வேண்டும். தங்கள் பக்கத் தவறால் தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் தர வேண்டும். பத்திரம் தொலைந்தோ சேதமாகியோ போயிருந்தால் நகல் எடுக்க உதவி செய்து அந்தச் செலவையும் ஏற்க வேண்டும், அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம், அதாவது 60 நாள் கழிந்த பிறகுதான் இழப்பீட்டுக் கணக்கு ஓட ஆரம்பிக்கும். கடன் கணக்கு இருந்த கிளையிலோ ஆவணம் இருக்கிற வேறு அலுவலகத்திலோ, எங்கே வாங்கிக்கொள்வது என்பது கடன் வாங்கியவர் விருப்பம். கடன் வாங்கியவர் இறந்துபோனால் வாரிசுகளிடம் எப்படித் தருவது என்ற நடைமுறையையும் முன்கூட்டியே வகுத்து வலைத்தளத்தில் போட்டிருக்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் வர இன்னும் ஒன்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

அடுத்தது வட்டி. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் ஒரு குடும்பத்தின் பணம் பெரும்பாலும் கரைவது இந்த இடத்தில்தான்.

நம்மில் மிகப் பெரும்பாலோர் வாங்குவது மாறும் வட்டிக் கடன். மாறும் என்றால் எதைப் பார்த்து மாறும்? 2003 முதல் ஒவ்வொரு வங்கியும் தானே அறிவிக்கிற பி.பி.எல்.ஆர். என்ற அடிப்படை வட்டி இருந்தது. அதற்கும் கீழே பெரிய நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்தார்கள். 2010 ஜூலையில் பேஸ் ரேட் வந்தது, 2016 ஏப்ரலில் எம்.சி.எல்.ஆர். வந்தது. மூன்றுக்கும் பெயர்தான் வேறு, மூன்றையும் கணக்குப் போட்டது வங்கியேதான். ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தருகிற கடனுக்கு வாங்குகிற ரெப்போ வட்டியைக் கூட்டினால் அது வேகமாக நம் தவணையில் ஏறிவிடும், குறைத்தால் ஆமை வேகத்தில்கூட இறங்காது. இதை ஆராய்வதற்கு ஜனக் ராஜ் தலைமையில் ரிசர்வ் வங்கி ஒரு குழு அமைத்தது. 2017ல் வந்த அந்த அறிக்கை, வங்கிகள் தங்கள் விருப்பத்துக்குக் கணக்கைத் திருத்திக்கொள்வதையும், அடிப்படை வட்டி குறையும்போது அதன் மேல் வைக்கிற கூடுதல் வட்டியைக் கூட்டிச் சரிக்கட்டுவதையும் வெளிப்படையாகவே எழுதியது. வங்கி தானே முடிவு செய்கிற எண்ணை நம்பக் கூடாது, வெளியிலிருந்து ஓர் எண் வேண்டும் என்பதுதான் அதன் பரிந்துரை.

அப்படித்தான் 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தருகிற புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டன. குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைத் திருத்தியாக வேண்டும். அளவுகோலின் மேல் வங்கி வைக்கிற கூடுதல் வட்டியில் இரண்டு பகுதி. ஒன்று, கடன் வாங்கியவர் திருப்பிக் கட்டுவாரா என்ற ஆபத்துக்கானது, அவருடைய நிலைமை குறிப்பிடத்தக்க அளவு மாறினால்தான் அதில் கைவைக்கலாம். இன்னொன்று வங்கியின் மற்றச் செலவுகளுக்கானது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றலாம். 2025 அக்டோபரிலிருந்து, குறைப்பதாக இருந்தால் மட்டும் அந்த மூன்று ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். ஆகவே பழைய கடன்காரரான உங்களுக்கு ஒரு வட்டி, நேற்று வந்த புதியவருக்குக் குறைந்த வட்டி என்று இருந்தால், கிளைக்குப் போய் என் கூடுதல் வட்டியைக் குறையுங்கள் என்று கேட்பதற்கு இப்போது விதி குறுக்கே நிற்பதில்லை. இன்னும் பேஸ் ரேட்டிலும் எம்.சி.எல்.ஆரிலும் கிடக்கிற பழைய கடன்களை வெளி அளவுகோலுக்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு, அதை யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை.

சரி, வெளி அளவுகோல் வந்துவிட்டது, எல்லாம் முடிந்ததா என்றால், அடுத்த சிக்கல் அங்கிருந்தே கிளம்பியது. 2020 மே முதல் ரெப்போ 4 சதவீதத்தில் இருந்தது. 2022 மே மாதம் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்கு வந்து நின்றது, ஒன்பது மாதத்தில் இரண்டரை சதவீதம். வட்டி இப்படி ஏறும்போது தவணைத் தொகையைக் கூட்டினால் வாடிக்கையாளர் உடனே சண்டைக்கு வருவார். ஆகவே பல இடங்களில் தவணையைத் தொடாமல் கடன் முடிகிற காலத்தைச் சத்தமில்லாமல் நீட்டினார்கள். மாதாமாதம் அதே தொகை போகிறது, ஒன்றும் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒருநாள் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தபோதுதான் ஓய்வு பெற்ற பிறகும் பல ஆண்டு தவணை ஓடும் என்று தெரிந்தது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, 7 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 23,259 ரூபாய். இரண்டு ஆண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகு பாக்கி அசல் ஏறக்குறைய 28.52 லட்சம். இப்போது வட்டி 9.5 சதவீதம் ஆகிறது. அந்த மாத வட்டி மட்டுமே 22,579 ரூபாய், அப்புறம் அசலில் கழிவது வெறும் 680 ரூபாய். தவணையை மாற்றாமல், வட்டியும் அங்கேயே நின்றால், மீதம் இருந்த 18 ஆண்டு 37 ஆண்டுக்கு மேல் ஆகிவிடும். அதற்குப் பதிலாகத் தவணையை 27,600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே உயர்த்தியிருந்தால் அதே 18 ஆண்டில் கடன் முடியும். முதல் வழியில் இனிக் கட்ட வேண்டிய மொத்தம் ஒரு கோடியே நான்கு லட்சம், இரண்டாவது வழியில் அறுபது லட்சத்துக்கும் கீழே. மாதம் 4,300 சொச்சம் ரூபாய் அதிகம் கட்ட முடியுமா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், எத்தனையோ குடும்பங்கள் எப்படியாவது முடியும் என்று சொல்லியிருக்கும். கேட்கவே இல்லை என்பதுதான் கோபம். நிஜத்தில் வட்டி அதே இடத்தில் 37 ஆண்டு நிற்காது, 2025ல் ரெப்போ இறங்கவும் செய்தது, ஆனாலும் அந்த இடைப்பட்ட காலத்தில் அசலே கழியாமல் போன மாதங்கள் திரும்பி வரப்போவதில்லை. இதே கடனை முதல் மாதத்திலேயே 9.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் மாத வட்டி 23,750 ரூபாய், தவணையைவிட அதிகம். கட்டக் கட்ட கடன் வளரும்.

2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கை வந்தது இதற்குத்தான். வட்டி ஏறினால் தவணை என்ன ஆகும், காலம் என்ன ஆகும் என்று கடன் தரும்போதே சொல்ல வேண்டும். வட்டி மாறும் நேரத்தில் தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று தேர்ந்தெடுக்க விட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அடைக்க விட வேண்டும். காலத்தை எவ்வளவு நீட்டினாலும் அசல் வளர்கிற நிலைக்குக் கடன் போகக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இதுவரை எவ்வளவு அசல், எவ்வளவு வட்டி, இனி எத்தனை தவணை, ஆண்டு வட்டி எவ்வளவு என்று எளிய அறிக்கை தர வேண்டும். இதெல்லாம் நல்ல விதிகள். அதே சுற்றறிக்கையில் நிலையான வட்டிக்கு மாறிக்கொள்ளும் வாய்ப்பும் கட்டாயமாக இருந்தது, ஆனால் எத்தனை முறை மாறலாம், என்ன கட்டணம் என்பதெல்லாம் வங்கியின் கொள்கைக்கு விடப்பட்டது. கடைசியில் 2025 அக்டோபரிலிருந்து அந்த வாய்ப்பைத் தருவதா வேண்டாமா என்பதே வங்கியின் விருப்பம் என்றாகிவிட்டது.

கடன் கொடுக்கிற நேரத்து ஏமாற்றுகளுக்கு வருவோம். 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி இரண்டு சுற்றறிக்கைகள் போட்டது. ஒன்றில், ஆய்வுக்குப் போனபோது கண்டதைச் சொல்லியிருந்தார்கள். பணம் கைக்கு வருவதற்கு முன்பே, கடன் அனுமதி ஆன நாளிலிருந்து அல்லது ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து வட்டி போடுவது, காசோலையில் ஒரு தேதியை எழுதிவிட்டுப் பல நாள் கழித்துக் கையில் கொடுப்பது, மாத நடுவில் பணம் கொடுத்துவிட்டு முழு மாதத்துக்கும் வட்டி வாங்குவது, ஒன்றிரண்டு தவணையை முன்பணமாகப் பிடித்துக்கொண்டு முழுத் தொகைக்கும் வட்டி கணக்கிடுவது. இப்படி வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று உத்தரவிட்டார்கள். இவை ஏதோ சந்து முனையில் கந்துவட்டிக்கு விடுகிறவர் செய்தவை அல்ல, உரிமம் பெற்று நடக்கிற நிறுவனங்களில் கண்டவை.

இன்னொன்று கே.எஃப்.எஸ். எனப்படும் முக்கிய விவரத் தாள். 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தருகிற சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், ஆகவே தமிழில் கேட்கலாம், கேளுங்கள். இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது ஏ.பி.ஆர். என்ற ஆண்டுச் செலவு விகிதம். விளம்பரத்தில் சொல்கிற வட்டியோடு பரிசீலனைக் கட்டணம், சட்டக் கருத்துக் கட்டணம், கடனோடு சேர்த்துத் தலையில் கட்டுகிற காப்பீட்டுத் தொகை எல்லாம் இந்த விகிதத்துக்குள் வந்தாக வேண்டும். இரண்டு இடத்தில் விசாரித்தால் வட்டியை ஒப்பிடாதீர்கள், இதை ஒப்பிடுங்கள். வீட்டுக் கடன் போன்ற நீண்ட காலக் கடனுக்கு, தாளைக் கொடுத்த பிறகு குறைந்தது மூன்று வேலை நாள் அந்த நிபந்தனைகள் மாறாமல் நிற்க வேண்டும், இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் இந்த வட்டி கிடைக்காது என்று அவசரப்படுத்த முடியாது. அந்தத் தாளில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் பிறகு வாங்கக் கூடாது. தாளோடு கடன் முடியும் வரைக்குமான தவணை அட்டவணையும் வரும், அதை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், பின்னால் காலத்தை நீட்டினார்களா என்று ஒப்பிட அது ஒன்றுதான் அத்தாட்சி.

தவணை தவறினால் வாங்குகிற அபராதத்தில் பாதி தூரம்தான் வந்திருக்கிறார்கள். முன்பு அபராத வட்டி என்று போட்டு அதையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி வாங்கினார்கள். அபராதம் ஒழுங்குக்காகத்தான், வருமானத்துக்காக அல்ல என்று சொல்லி, 2024 ஏப்ரல் முதல் புதிய கடன்களில் அபராத வட்டியே கூடாது, அபராதக் கட்டணம் மட்டும்தான், அதை அசலில் சேர்க்கவும் கூடாது என்று ஆக்கினார்கள். எவ்வளவு கட்டணம்? 'நியாயமான' அளவு. மறுபடியும் அதே சொல். உச்சவரம்பு எதுவும் இல்லை. முன்கூட்டியே அடைப்பதில் இந்தக் குழப்பம் இல்லை. தனிநபர் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2012லேயே ஒரே வரியில் எழுதிவிட்டார்கள், அந்த வரியில் வளைக்க இடமில்லை என்பதால் அது பெரும்பாலும் ஒழுங்காக நடக்கிறது.

தவணை கட்ட முடியாமலே போய்விட்டால் சட்டம் வேறு முகம் காட்டும். 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி நீதிமன்றத்துக்குப் போகாமலேயே வீட்டைக் கைப்பற்றி விற்க முடியும். இந்தச் சட்டத்தில் நாள்கள் நிறையவே உண்டு, ஆனால் அவை கடன் தருபவருக்கு மட்டுமல்ல, நமக்கும் கெடுவாக ஓடுகின்றன. நிலுவை 90 நாளைத் தாண்டினால் கடன் வாராக்கடன் ஆகிறது. அப்புறம் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். அதற்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பயத்தில் நோட்டீஸைப் பிரிக்காமலே வைத்திருப்பவர்களும் உண்டு. கைப்பற்றும் நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முதலில் இந்தச் சட்டம், கோரிய தொகையில் 75 சதவீதத்தைக் கட்டினால்தான் தீர்ப்பாயத்தின் கதவையே தட்டலாம் என்றது. மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, இல்லாவிட்டால் வீட்டை இழக்கப்போகிறவர் யாருமே அங்கே போயிருக்க முடியாது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, பாக்கி முழுவதையும் கட்டி வீட்டை மீட்கிற உரிமை ஏல அறிவிப்பு வெளியாகிற வரைதான். ஏலத்தன்று பணத்தோடு போய் நிற்கலாம் என்று நினைப்பது ஆபத்து. வசூலுக்கு ஆள் வைக்கிற விஷயத்தில் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கை நேரத்தைக் குறித்தது: காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது, உறவினர்களையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது.

விதி மீறினால் எங்கே போவது? முதலில் கடன் கொடுத்த இடத்திலேயே எழுத்தில் புகார் தர வேண்டும், வாயால் சொன்னது கணக்கில் வராது. 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. 2021ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த திட்டம், இழப்புக்கு 20 லட்சம் வரையும் மன உளைச்சலுக்கும் நேரச் செலவுக்கும் 1 லட்சம் வரையும் தர உத்தரவிடும் அதிகாரத்தை அவருக்குக் கொடுத்தது. புகாரில் எந்தத் தேதி விதியை எந்தத் தேதியில் மீறினார்கள் என்று குறிப்பிட்டு எழுதினால் பலன் கூடும். ஒன்று கவனியுங்கள், 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி பழைய சுற்றறிக்கைகளைத் திரட்டி 244 தொகுப்பு ஆணைகளாக மாற்றிவிட்டது, ஆகவே பழைய சுற்றறிக்கை எண்ணைக் காட்டினால் அது ரத்தாகிவிட்டதே என்று சொல்லலாம். விதி புதிய ஆணையில் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பார்த்து அதைக் காட்டுங்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தருகிற இடம். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள், சிறு கடை வைத்திருப்பவர்கள், வங்கியில் கடன் மறுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் போவது வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்குத்தான். தேசிய வீட்டு வசதி வங்கியிடம் இருந்த இவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 2019 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியிடம் வந்தது. பத்திரத்துக்கான 30 நாள், கே.எஃப்.எஸ்., அபராதக் கட்டண விதி எல்லாம் இவற்றுக்கும் உண்டு. ஆனால் வெளி அளவுகோலோடு வட்டியைக் கட்ட வேண்டும் என்ற 2019ஆம் ஆண்டு ஆணை வங்கிகளுக்கு மட்டும்தான் போடப்பட்டது, இந்த நிறுவனங்கள் தாங்களே அறிவிக்கிற அடிப்படை வட்டியை வைத்துக்கொண்டார்கள், ஜனக் ராஜ் குழு வங்கிகளில் எதைக் குறை சொன்னதோ அதே ஏற்பாடு. 2021ஆம் ஆண்டின் குறைதீர்ப்பாளர் திட்டத்திலும் இவை சேர்க்கப்படவில்லை, இங்கே கடன் வாங்கியவர் தன் புகாரைத் தேசிய வீட்டு வசதி வங்கிக்கு அனுப்ப வேண்டும். வங்கியில் கடன் கிடைக்காமல், அதிக வட்டிக்கு இங்கே வந்து சேர்கிற அந்தக் குடும்பத்திடம், ரெப்போ குறைந்ததே, உங்கள் வட்டி எப்போது குறையும் என்று கேட்டால், அவர்கள் காட்டுவதற்கு இன்னும் ஒரு தேதி இல்லை.